மொட்டை வண்டிக்கு ஒரு கூரை

மொட்டைக்குத் தலை நிறைய முடி. அவன் ஓட்டுகிற வண்டிக்குத்தான் கூரை இல்லை. ஆனால் வெள்ளநீர் அகற்றும் பிரிவில் வண்டியின் பெயரை ஓட்டுகிறவனுக்கு வைப்பதுதான் பழக்கம். சேறு அள்ளும் வண்டியை ஓட்டியவரைச் சேறு என்றே கூப்பிட்டார்கள். அவர் ஓய்வுபெற்ற அன்று மாலை போட்டு, "நம் அன்புக்குரிய சேறு அவர்கள்" என்றுதான் பேசினார்கள். அதோடு ஒப்பிட்டால் மொட்டை என்பது கௌரவமான பெயர்.

வண்டிக்குக் கூரை இல்லாததற்குக் காரணம் உண்டு. பின்பக்கம் ஒரு பம்பு. அதிலிருந்து துதிக்கை மாதிரி ஒரு உறிஞ்சு குழாய். வண்டி ஓடும்போது அது ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் நீட்டிப் படுத்துக் கிடக்கும். தண்ணீர் தேங்கிய இடத்தில் வண்டி நின்றதும் நிமிர்ந்து எழுந்து, ஓட்டுநரின் தலைக்கு மேலாகச் சுழன்று, முன்னால் இருக்கிற தண்ணீருக்குள் வாயை வைக்கும். கூரை இருந்தால் அது எழ முடியாது. இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு தேவையில்லை. படிப்பு இருந்தால் புரியாது என்பதுதான் அந்தப் பிரிவின் அனுபவம்.

மொட்டையின் அக்கா வீடு பள்ளத் தெருவில் முதல் வீடு. அந்தத் தெரு ஒரு கிண்ணம். பெரிய சாலையில் பெய்கிற மழை சரசரவென்று கால்வாய்க்கு ஓடிவிடும். தெருவுக்குள் இறங்கியது இறங்கியதுதான், வெளியேறாது. மாமா கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலில் கிடக்கிறார். போன மழைக்குத் தண்ணீர் அவருடைய மெத்தைவரை வந்தது. அக்கா அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு அவரைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் போட்டாள். மொட்டை அன்றைக்கு வேறொரு தெருவில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்.

"ஊர்த் தண்ணியெல்லாம் எடுக்கிற, உங்க மாமன் மேசை மேல கெடக்குறார்" என்றாள் அக்கா.

"அடுத்த மழைக்கு மொத வண்டி உன் வாசல்லதான்க்கா. போதுமா?"

"வந்தாப் பாக்கலாம்."

இந்த நேரத்தில்தான் ஜிபிஎஸ் வந்தது.

கோட்டப் பொறியாளர் பணிமனையில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, உள்ளங்கை அளவுக் கருப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இனிமே இந்தப் பிரிவுல எந்த வண்டியும் காணாமப் போகாது!"

எந்த வண்டியும் இதுவரை காணாமல் போனதில்லை. ஆனாலும் எல்லாரும் கைதட்டினார்கள். பொறியாளர் தொடர்ந்தார். "இவ்வளவு நாள் நாம வண்டிய நம்புனோம், டிரைவர நம்புனோம். அந்தக் கஷ்டம் இன்னையோட முடிஞ்சுது. இனிமே நாம யாரையும் நம்ப வேண்டியதில்ல. கட்டுப்பாட்டு அறையில பச்சைப் புள்ளி தெரியும். புள்ளிதான் வண்டி. புள்ளி போனா வேலை நடக்குது. புள்ளி நின்னா ஏன் நிக்குதுன்னு கேப்போம்."

மறுபடியும் கைதட்டல்.

கருவி பொருத்துகிறவர் ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கினார். மொட்டை வண்டிக்கு வந்ததும் உள்ளே ஏறி அண்ணாந்து பார்த்தார். வானம் தெரிந்தது. சுற்றறிக்கையை எடுத்துப் படித்தார். 'வண்டிக் கூரையின் உட்புறத்தில், நடுவில், நான்கு திருகாணிகளால் இறுகப் பொருத்தப்பட வேண்டும்' என்றிருந்தது. மறுபடியும் அண்ணாந்து பார்த்தார்.

"கூரை எங்கங்க?"

"இல்லீங்க" என்றான் மொட்டை.

"எப்ப வரும்?"

"அது எப்பவுமே வராதுங்க. வண்டியே அப்படித்தான். ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டிட்டுப் போங்களேன்."

"ஸ்டியரிங் பக்கத்துலன்னு இதுல இல்லையே" என்றார் அவர், குற்றம் செய்யத் தூண்டப்பட்டவர் மாதிரி.

பொறியாளர் வந்தார். அவர் பிரச்சினைகளை நேராகச் சந்திக்கிற மனிதர். அதாவது, பிரச்சினைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்தபடியே முதல் நாள் ஒரு குடையை வரவழைத்து இருக்கையோடு கட்டச் சொன்னார். குடையின் கம்பிகளுக்கு நடுவே கருவி தொங்கியது. வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் குடை பின்பக்கமாக மடங்கி, கருவி மொட்டையின் மூக்கில் அடித்தது. அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தபோது பொறியாளர் பதறிப்போய் ஓடிவந்து, கருவிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்த்தார்.

அடுத்து, பெட்டியை அவன் தலைக்கவசத்துக்குள் வைத்துத் தைத்தார்கள். அன்று மதியம் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்தது. வண்டி ஏன் கழிப்பறைக்குள் நிற்கிறது என்று கேட்டார்கள்.

"திறந்த வண்டில திருட்டுப் போயிடும். வெயில், மழை, தூசி எல்லாமே ஆபத்து" என்று பொறியாளர் முடிவுக்கு வந்தார். கனமான இரும்புப் பெட்டி ஒன்று செய்து, அதற்குள் கருவியை வைத்து, வண்டித் தரையோடு பற்றவைத்து, பெரிய பூட்டுப் போட்டு, சாவியைத் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டினார். யானை மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் இரும்புக்குள்ளிருந்து சமிக்ஞை வெளியே வரவில்லை. கட்டுப்பாட்டு அறைத் திரையில் புள்ளி அணைந்தது.

"சார், மொட்டை வண்டியக் காணோம்!" என்று போனில் அலறினார்கள்.

பொறியாளர் அப்போது மொட்டை வண்டியின் மேல்தான் சாய்ந்து நின்றிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. ஒரு கையை வண்டியில் ஊன்றிக்கொண்டு மறுகையால் காவல் நிலையத்துக்குப் போன் போட்டார். "ஆமா, அரசாங்க வண்டி. காணாமப் போச்சு. கடைசியா எங்க பாத்தமா? பணிமனையிலதான்."

"சார்" என்றான் மொட்டை.

"இருப்பா. நிறம் மஞ்சள்..." என்று வண்டியைத் திரும்பிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு, "ஆமா, மஞ்சள்" என்றார்.

வானம் கருக்கத் தொடங்கியிருந்தது. மொட்டை அதைப் பார்த்தான், பொறியாளரைப் பார்த்தான். கையில் ஒரு திருப்புளி இருந்தது. கீழே வைத்தான்.

கடைசியில் வழி பிறந்தது. கருவிக்குத் தேவை ஒரு கூரை. பொறியாளரின் காருக்கு ஒரு கூரை இருந்தது. கருவி பொருத்துகிறவர் காருக்குள் ஏறி அண்ணாந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. நடுவில், நான்கு திருகாணிகளால், இறுகப் பொருத்தினார். புள்ளி பச்சையாக எரிந்தது.

"கூரையில்லாதவனுக்குக் கூரை குடுக்குறதுதான் நிர்வாகம்" என்றார் பொறியாளர். அவர் குரல் தழுதழுத்தது.

"அப்ப என் வண்டி எங்க இருக்குன்னு எப்படி சார் தெரியும்?"

"என் கார் எங்க இருக்கோ அங்க இருக்கு. நீ எதுக்கு இதப் போட்டுக் கொழப்பிக்கிற? உன்ன எங்கயாச்சும் போக வேணாம்னு சொன்னமா?"

அதன்பிறகு சில நாட்கள் மொட்டை வண்டி சுறுசுறுப்பாக இருந்தது. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போனது. முடிவெட்டும் கடையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பொறியாளரின் மாமனார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மாலைவரை தூங்கியது. பிரிவிலேயே அதிகம் உழைக்கிற வண்டி என்று கட்டுப்பாட்டு அறை பாராட்டுக் கடிதம் அனுப்பியது. கடிதத்தைப் பொறியாளர் தன் அறையில் சட்டம் போட்டு மாட்டினார். மொட்டை பணிமனையில் உட்கார்ந்து பம்புக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

மழை ஒரு மதியவேளையில் வந்தது. தூறல், சாரல் என்று முன்னறிவிப்பெல்லாம் இல்லை, கொட்டியது. அக்காவிடமிருந்து போன்.

"தண்ணி வாசப்படிக்கு வந்துருச்சுடா."

"வந்துட்டே இருக்கேன்க்கா."

வண்டியைக் கேட்டருகே கொண்டுவந்து நிறுத்தினான். கேட்காரர் தன் கூண்டுக்குள்ளிருந்து எழுந்திருக்கவில்லை. அவருக்கும் ஒரு சின்னத் திரை கொடுத்திருந்தார்கள். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கேட்டத் தொறங்க."

"எந்த வண்டி?"

"உங்க மூக்குக்கு முன்னாடி நிக்குதே, இந்த வண்டி."

"மொட்டை வண்டியா? அது காலையிலயே வெளிய போயிருச்சே தம்பி."

மொட்டை ஹாரனை அழுத்தினான். "இது என்னண்ணே அப்ப?"

கேட்காரர் வண்டியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுபெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்பதுதான் அவருடைய குறை. "எனக்குத் தெரியுது தம்பி. ஆனா வெளிய போன வண்டி மறுபடி வெளிய போகணும்னா மொதல்ல உள்ள வரணும். இது உள்ள வரலையே."

"உள்ளதானே நிக்கிறேன்!"

"நீ நிக்கிற. வண்டி நிக்கல."

மொட்டை பொறியாளருக்குப் போன் போட்டான். பின்னணியில் விசில் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன.

"சார், கார உள்ள கொண்டுவாங்க. நான் வெளிய போகணும்."

"இப்ப எப்படிப்பா? பாப்பாவுக்கு நீச்சல் வகுப்பு. இன்னைக்குத்தான் மொத தடவையா தலைய முக்குறா."

"எங்க மாமா முங்கப் போறாரு சார்."

"சொந்த விஷயத்த வேலை நேரத்துல பேசாத" என்று பொறியாளர் போனை வைத்துவிட்டார்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போட்டான். அவர்கள் திருப்தியாக இருந்தார்கள். "மொட்டை வண்டி நீச்சல் குளத்துக்குப் பக்கத்துல நிக்குது. தண்ணி இருக்கிற எடத்துலதானே நிக்குது? நல்லா வேலை பாருங்க" என்றார்கள்.

அக்கா மறுபடியும் கூப்பிட்டாள். இந்த முறை அவள் பேசவில்லை. போனைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். மாமா யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டுகிற சத்தமும், தண்ணீரில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தமும் மட்டும் கேட்டன.

மொட்டை வண்டியைப் பின்னால் எடுத்தான். கேட்காரர் புரிந்துகொண்டு கூண்டின் அந்தப் பக்கத்துக்கு நகர்ந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அது அவர் செய்த உதவி. கேட் ஒரே மோதலில் சாய்ந்தது.

அவன் போய்ச் சேர்ந்தபோது மெத்தை முழுதாக நனைந்திருந்தது. மாமாவை மேசைமேல் ஏற்றியிருந்தார்கள். படுத்தே கிடந்து வந்த முதுகுப் புண்ணில் அழுக்குத் தண்ணீர் பட்டுவிட்டது என்று அக்கா சொன்னாள். அன்றிரவே மாமாவுக்குக் காய்ச்சல் வந்து, பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினார்.

விசாரணை நடந்தது. தலைமையகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். பக்கத்தில் பொறியாளர் உட்கார்ந்திருந்தார். மொட்டை நின்றான்.

"மழை பெய்றப்ப, பணி நேரத்துல, நீச்சல் குளத்துல என்ன பண்ணுன?"

"நான் அங்க போகல சார். பள்ளத் தெருவுல இருந்தேன்."

"புள்ளி அப்படிச் சொல்லலையே."

"புள்ளி சாரோட கார்ல இருந்துச்சு சார்."

அதிகாரி பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் மேசையைப் பார்த்தார். அதிகாரி தொண்டையைச் செருமினார். "கருவி எந்த வண்டிக்கானது?"

"என் வண்டிக்கு."

"அப்ப கருவி இருக்குற எடம்தான் உன் வண்டி. அதுக்குள்ள வேற யாரு உக்காந்திருந்தாங்கங்கிறது விசாரணை வரம்புல வராது."

"சார், கேட்ட ஒடைச்சிட்டுப் போனது நான்தான். ஊரே பாத்துச்சு. அதுக்காவது தண்டனை குடுங்க."

"எப்படி ஒடைச்ச? வண்டிதான் நீச்சல் குளத்துல இருந்துச்சே. கேட்டு காத்துல விழுந்துருச்சு."

"அப்ப பள்ளத் தெருவுல தண்ணி எப்படி சார் வடிஞ்சுது?"

"தண்ணி தானா வடியும். அதான் இயற்கை" என்றார் அதிகாரி. சற்று யோசித்து, குரலைத் தாழ்த்தி, கனிவாகச் சொன்னார். "இதப் பாருப்பா. நீ சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா உண்மைய எடுத்துக்கிட்டா, கருவி வாங்குன நாங்க முட்டாளாயிடுவோம். ஒருத்தன் தப்புப் பண்ணுனான்னு முடிக்கிறது சுலபமா, இத்தன பேரு முட்டாள்னு முடிக்கிறது சுலபமா? நீயே சொல்லு."

பணி நேரத்தில் நீச்சலடித்ததற்காக மொட்டையின் ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. அவனுக்கு நீச்சல் தெரியாது.

இருந்தாலும் தலைமையகம் சும்மா இருக்கவில்லை. திறந்த வண்டிதான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலம் என்று கண்டுபிடித்தது. வண்டிக்குக் கூரை போட ஆணை வந்தது. ஃபைபர் தகட்டில் கூரை. கருவிக்குச் சூடு ஏறக் கூடாது என்று உட்புறம் முழுக்கக் கனமான தெர்மாகோல். நடுவில் கருவி. நான்கு திருகாணிகள். பொறியாளர் ரிப்பன் வெட்டினார்.

"சார், குழாய் நிமிராது" என்றான் மொட்டை.

"ஏன் நிமிரணும்?"

"நிமிர்ந்தாத்தான் சார் தண்ணி எடுக்கும்."

பொறியாளர் அவன் தோளில் கை போட்டார். "நான் உனக்கு மேல இருக்கிறவர் முன்னால குனியிறேன். அவர் அவருக்கு மேல இருக்கிறவர் முன்னால குனியிறார். குனிஞ்சுதான் இந்தப் பிரிவே ஓடுது. உன் குழாய் மட்டும் என்ன பெரிய இதுவா? குனிஞ்சு வேலை பாக்கச் சொல்லு."

அடுத்த மழை வந்தது. கேட் ஒரு வார்த்தை பேசாமல் திறந்தது. திரையில் புள்ளி அழகாக நகர்ந்தது. பள்ளத் தெருவின் முனையில், பெரிய சாலையோரம் மொட்டை வண்டியை நிறுத்தினான். உடனே கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன். "சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டீங்க. வாழ்த்துகள். பள்ளத் தெரு வேலை முடிஞ்சதா போட்டுக்கிறோம்."

அக்கா முழங்காலளவுத் தண்ணீரில் வாசலில் நின்றிருந்தாள். ஜன்னல் வழியாக மாமா தெரிந்தார். இந்தத் தடவை முன்கூட்டியே அவரை மேசைமேல் ஏற்றியிருந்தார்கள். முதுகுப் புண் இன்னும் ஆறவில்லை.

"வந்துட்டியா! போடு, சீக்கிரம் போடு" என்றாள் அக்கா.

மொட்டை நெம்புகோலை இழுத்தான். குழாய் எழுந்தது. கூரையில் டங்கென்று இடித்தது. இறக்கி மறுபடி எழுப்பினான். டங். அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தண்ணீரைப் பார்த்தாள். தண்ணீர் ஒரு படி ஏறியிருந்தது.

"என்ன மாப்ள, மேல என்னமோ புதுசா இருக்கு?" என்று மாமா ஜன்னலிலிருந்து கேட்டார்.

"கூரை மாமா."

"யாருக்கு? ஒனக்கா?"

"எனக்கில்ல. அந்தப் பெட்டிக்கு."

மாமா அந்தக் கருப்புப் பெட்டியைப் பார்த்தார். "நனையக் கூடாதோ?"

அதற்குமேல் மொட்டை யோசிக்கவில்லை. இருக்கைக்கு அடியிலிருந்து கடப்பாரையை எடுத்தான். முதல் அடியில் ஃபைபர் விரிசல் விட்டது. எதை அடிக்கிறோம் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பாராட்டுக் கடிதத்தை, விசாரணை மேசையை, தோளில் விழுந்த அந்தக் கையை. அக்கம்பக்கத்து ஆட்கள் யாரும் கேட்காமலே வந்து கூரையின் ஓரங்களைப் பிடித்து இழுத்தார்கள். தாங்கிய கம்பிகள் வளைந்தன. கூரை அப்படியே பெயர்ந்து பெரிய சாலைப் பக்கமாகத் தலைகீழாக விழுந்தது. சாலையில் தண்ணீர் சீறிக்கொண்டு ஓடியது. தெர்மாகோல் மிதந்தது. அதன் நடுவில், நான்கு திருகாணிகளில் அசையாமல், வெள்ளத் தண்ணீர் துளி படாமல், ஒரு பச்சை விளக்கு எரிய, கருவி கால்வாயை நோக்கிப் புறப்பட்டது.

குழாய் நிமிர்ந்தது. தலைக்கு மேலாகச் சுழன்று தெருத் தண்ணீருக்குள் வாயை வைத்தது. பம்பு உறுமியது.

போன் அடித்தது. "யோவ் மொட்டை! எங்கய்யா போற? கால்வாய்க்குள்ள எறங்கப் போற! பிரேக்கப் போடு!"

"நான் பள்ளத் தெருவுல நிக்கிறேன்."

"பொய் சொல்லாத! வண்டி கால்வாய்ல விழுந்துருச்சு!"

அதன்பிறகு அந்தச் சாலை இதுவரை காணாத காட்சிகளைக் கண்டது. தீயணைப்பு வண்டி கத்திக்கொண்டு போனது. படகு ஏற்றிய லாரி போனது. சேறு அள்ளும் வண்டி போனது. மற்ற தெருக்களில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த வண்டிகளெல்லாம் குழாய்களைச் சுருட்டிக்கொண்டு போயின. கடைசியாகப் பொறியாளரின் கார் வந்து நின்றது. மழையில் அவரை யாரும் பார்த்ததில்லை. கண்ணாடியை இறக்கினார். முன்னால் மஞ்சள் வண்டி உறுமிக்கொண்டு நிற்பதும், மொட்டை குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பதும் அவர் கண்ணில் பட்டன. ஆனால் அவர் தேடியது அதையல்ல.

"எங்க போச்சு?"

மொட்டை கால்வாய்ப் பக்கம் கை காட்டினான். கார் சீறிப் பாய்ந்தது. அது வாரியடித்த தண்ணீர் அக்காவின் வாசல்வரை வந்து விழுந்தது. கொஞ்ச தூரத்தில் கார் நின்றதும், பொறியாளர் இறங்கி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி ஓடுவது தெரிந்தது.

தெருவில் தண்ணீர் மெல்ல இறங்கத் தொடங்கியது. மாமா மேசைமேல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"அந்தப் பொட்டி திரும்பக் கெடைச்சா, அடுத்த மழைக்கு அத என் இடுப்புல கட்டிவிட்டுரு. இத்தன பேரும் வருவாங்க."

அக்கா சிரித்துவிட்டாள். அக்கம்பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள். மொட்டை சிரிக்கவில்லை. ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் இருக்கைக்கு அடியில் துழாவி, கயிறு இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது.